56 லிவ்ர் தர்மம்

தர்மம் செய்ய ஓர் ஏழைக் குடும்பம் வேண்டும். ஆனால் வயதாலோ அழகாலோ பிறருக்குச் சந்தேகம் கிளப்பக்கூடிய பெண் யாரும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. வேலைக்காரன் விசாரித்துவந்து சொன்ன குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வால்மோன் பிரபு மறுநாள் காலை அங்கே போகத் தீர்மானிக்கிறான். இவ்வளவு முன்யோசனையோடு செய்த ஒரு தானத்தை நான் வேறெந்த நாவலிலும் படித்ததில்லை.

நாவலின் பெயர் 'லே லியேஸோன் தாஞ்ஜரூஸ்'. 'ஆபத்தான உறவுகள்' என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஷொதெர்லோ த லாக்லோ என்ற பீரங்கிப் படை அதிகாரி. 1782-இல் வெளிவந்த முதல் அச்சின் 2000 பிரதிகள் சில வாரங்களிலேயே தீர்ந்து, உடனே மறு அச்சு போட வேண்டியிருந்தது. மொத்தம் 175 கடிதங்கள். கதைசொல்லி என்று தனியாக யாரும் கிடையாது. 'பதிப்பாளர்' என்ற பெயரில் ஒருவர் எப்போதாவது ஓர் அடிக்குறிப்பு போடுவதோடு சரி.

இந்த வடிவம் நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியம். உலகத்தில் ஒருவர் கொடுப்பதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். ஏன் கொடுத்தார் என்பது ஊகம்தான். லாக்லோவின் நாவலிலோ, கொடுத்தவனே காரணத்தைக் கைப்பட எழுதித் தருகிறான். அதே காரியத்தைக் கேள்விப்பட்டவள் அன்றைக்கே வேறொருவருக்கு வேறு விதமாக எழுதுகிறாள். வாசகர் கையில் இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. கதைக்குள் இருப்பவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

நிலவரம் இது. ஆகஸ்ட் மாதம். எண்பதைத் தாண்டிய ரோஸ்மோந்த் அம்மையாரின் கிராமத்து மாளிகையில் அவருடைய மருமகன் முறையான வால்மோன் தங்கியிருக்கிறான். பெண்களை வசப்படுத்திக் கைவிடுவதில் பாரிஸ் முழுக்கப் பேர்போனவன். அங்கே இன்னொரு விருந்தாளி, 22 வயது திருமதி தூர்வெல். கணவர் நீதிபதி, ஒரு வழக்குக்காக பர்கண்டிக்குப் போயிருக்கிறார். தூர்வெல் பக்தியும் ஒழுக்கமும் நிறைந்தவள், அதனாலேயே வால்மோன் அவளைக் குறிவைக்கிறான். அவனைப் பற்றி நன்றாக அறிந்த வோலான்ஷ் அம்மையார் பாரிஸிலிருந்து தூர்வெலுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுகிறார். அவன் காலையில் அடிக்கடி வெளியே போகிறானே, எங்கே போகிறான் என்ற கேள்வி தூர்வெல் மனத்தில் விழுந்துவிடுகிறது. தன் வேலைக்காரனை அவன் பின்னால் அனுப்புகிறாள். இது வால்மோனுக்குத் தெரிந்துவிடுகிறது.

தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பொதுவாக யாருக்கும் கோபம் வரும். வால்மோனுக்கு யோசனை வருகிறது. பார்க்க ஆள் வருகிறான் என்றால் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே. சுற்றுவட்டாரத்தில் உதவி தேவைப்படும் பாவப்பட்டவர் யாராவது இருக்கிறாரா என்று தேடச் சொல்லித் தன் அந்தரங்க வேலைக்காரனை அனுப்புகிறான். அது ஒன்றும் கஷ்டமான வேலையாக இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதுகிறான். புரட்சிக்கு ஏழு வருடம் முந்திய பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி இந்த ஒரு வரியே போதும். அரசருக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்ட முடியாத ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் மறுநாள் காலை ஜப்தியாகப் போகின்றன என்று தகவல் வருகிறது.

தன் முன்னாள் காதலியும் கூட்டாளியுமான மெர்தேய் சீமாட்டிக்கு வால்மோன் எழுதும் 21-ஆவது கடிதத்தில் அந்தக் காலை முழுவதும் விவரமாக இருக்கிறது. வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிறான். மாளிகையிலிருந்து ஐம்பது அடி போவதற்குள் வேவுக்காரன் பின்னால் வருவது கண்ணில் படுகிறது. வயல்களின் குறுக்கே விறுவிறுவென்று நடக்கிறான். பாதையை விட்டு இறங்கத் துணியாத வேவுக்காரன் மூன்று மடங்கு தூரம் சுற்றி ஓட வேண்டியிருக்கிறது. அலைக்கழிப்பதில் இவனுக்கே வியர்த்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால், இருபது அடி தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் அவனும் உட்காருகிறான். சின்ன ரவைதானே, ஒரு வெடி போட்டு அவனுக்குப் பாடம் கற்பிக்கலாமா என்று வால்மோனுக்குக் கை துறுதுறுக்கிறது. அப்புறம், தன் திட்டத்துக்கு அவன் தேவை என்பது ஞாபகம் வந்து விட்டுவிடுகிறான். அடுத்த கால் மணியில் 'கடவுளின் உருவம்' என்று கொண்டாடப்படப்போகிறவன் இவன்தான்.

கிராமத்தில் கூட்டம். என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியாதவன்போல விசாரிக்கிறான். வரித் தண்டல்காரரைக் கூப்பிட்டு 56 லிவ்ரைக் கட்டுகிறான் (லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சுப் பணம்). அந்தத் தொகைக்காகத்தான் ஐந்து உயிர்கள் வெறும் வைக்கோலில் படுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட இருந்தன. சுற்றிலும் வாழ்த்துக் குரல்கள். குடும்பத்துப் பெரியவரின் கண்ணில் நீர். ஒரு நொடி முன்னால் விரக்தியில் கோரமாக இருந்த அந்த முகம் இப்போது எவ்வளவு அழகாகிவிட்டது என்று வால்மோன் கவனிக்கிறான். 'இந்தக் காட்சியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்' என்பது அவன் வாக்கு. அப்போது இளவயதுக் குடியானவன் ஒருவன் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கையைப் பிடித்து அழைத்துவந்து, கடவுளின் உருவமான இவர் காலில் எல்லோரும் விழுவோம் என்கிறான். குடும்பமே மண்டியிடுகிறது.

வால்மோனின் கண்ணிலும் நீர் தளும்புகிறது. இதை அவன் நடிக்கவில்லை, தன் பலவீனம் என்று மெர்தேயிடம் ஒப்புக்கொள்கிறான். தன்னை அறியாமல் உள்ளே ஏதோ அசைந்தது, அது இன்பமாக இருந்தது, நல்லது செய்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன் என்று எழுதுகிறான். லாக்லோ வெறும் போலிப் புண்ணியவானைக் காட்ட நினைத்திருந்தால் இந்த வரிகளை எழுதியிருக்க மாட்டார். வந்தது நடிக்க. வந்த இடத்தில் உணர்ச்சி உண்மையாகிவிடுகிறது.

ஒருவன் இங்கே மாறலாம். வேறொரு நாவலாசிரியர் கையில் இந்த இடத்தில்தான் பாவி திருந்தியிருப்பான். வால்மோன் என்ன செய்கிறான் என்றால், கிடைத்த அனுபவத்திலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறான்: புண்ணியவான்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்கு, சொல்லப்படுகிற அளவு பெருமை ஒன்றும் இல்லைபோலிருக்கிறதே. அவர்களும் இந்தச் சுகத்துக்காகத்தானே செய்கிறார்கள்! தன் மனம் இளகியதை வைத்தே உலகத்திலுள்ள எல்லாக் கொடையாளிகளின் மதிப்பையும் குறைத்துவிடுகிறான். 1665-இல் லா ரோஷ்ஃபூகோ பிரபு தன் பொன்மொழித் தொகுப்பில், தாராள குணம் என்பது பெரும்பாலும் கொடுப்பதன் பெருமிதம்தான், கொடுக்கிற பொருளைவிட அந்தப் பெருமிதமே நமக்குப் பிடித்தமானது என்று எழுதியிருந்தார். அந்த மரபில் வளர்ந்த வர்க்கத்தின் வாரிசு வால்மோன். முன்னோர் சந்தேகப்பட்டதை இவன் ஒரு காலைப்பொழுதில் சோதித்துப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

அடுத்து வருவது இன்னும் விசேஷம். தனக்கு இவ்வளவு சுகம் கொடுத்தவர்களுக்கு அதற்கான கூலியைக் கொடுப்பதுதான் நியாயம் என்று சொல்லி, கையிலிருந்த பத்து லூயி நாணயங்களையும் கொடுத்துவிடுகிறான். ஒரு லூயி 24 லிவ்ர். ஆக 240 லிவ்ர், வரிப் பாக்கியைப்போல நான்கு மடங்குக்கும் மேல். மறுபடி நன்றி சொல்கிறார்கள், ஆனால் முதலில் இருந்த உருக்கம் இப்போது இல்லை. அத்தியாவசியமானதைக் கொடுத்தபோதுதான் உண்மையான விளைவு கிடைத்தது, மேற்கொண்டு கொடுத்ததற்கு வெறும் நன்றியும் திகைப்பும்தான் என்று நாடகம் பார்த்த விமர்சகனைப்போலக் குறித்துக்கொள்கிறான். நாடகத்தின் கடைசிக் காட்சியில் நிற்கும் கதாநாயகன்போல இருந்தேன் என்று அவனே சொல்லவும் செய்கிறான். அப்புறம் கூட்டத்துக்குள் ஒருமுறை பார்வையை ஓட்டுகிறான். வேவுக்காரன் இருக்கிறான். வந்த வேலை முடிந்தது.

இத்தனைக்கும் நடுவில், தன் திட்டங்கள் பலிக்கக் கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டும் வருகிறான். அந்தத் திட்டம் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் அழிவுக்காக ஐந்து நல்ல மனிதர்கள் மனமார வேண்டிக்கொள்ளப்போகிறார்கள். கடிதத்தில் இதைவிடக் குளிர்ந்த வாக்கியம் ஒன்றும் இருக்கிறது: இந்தப் பணத்தின் மூலம் அவளுக்கான விலையை ஒரு வகையில் முன்கூட்டியே கட்டிவிட்டேன், இனி அவளை என் இஷ்டப்படி நடத்த எனக்கு உரிமை உண்டு, மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை.

அறவிலை வணிகம் என்று நம் பழைய பாட்டு பழித்தது மறுமைக்காக இப்போது கொடுப்பதை. வால்மோனுடைய வணிகம் வேறு. பணம் போகும் இடம் ஒன்று, சரக்கு வர வேண்டிய இடம் இன்னொன்று. குடும்பத்துக்கும் அவனுக்கும் நடுவில் கணக்கு நேராகிவிட்டது. சாமான்கள் தப்பின, கூடுதலாக 240 லிவ்ர், இவனுக்கோ கண்ணீரும் வாழ்த்தும். இருவருமே ஏமாறவில்லை. இந்தத் தர்மத்துக்கான விலையைக் கொடுக்கப்போகிறவள் அந்த இடத்திலேயே இல்லாத தூர்வெல். கொடையின் பின்னால் உள்நோக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறவர்கள் இந்த நாவலில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். உள்நோக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதன் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் லாக்லோவின் கண் இருக்கிறது.

இனி 22-ஆவது கடிதம். தூர்வெல் வோலான்ஷ் அம்மையாருக்கு எழுதுவது. தன் ஆள் ஒருவன் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் இந்த நற்செயல் தெரியவந்தது என்கிறாள். அந்த இடத்தில் 'பதிப்பாளர்' ஓர் அடிக்குறிப்பு போடுகிறார்: தான் அனுப்பித்தான் அவன் போனான் என்று சொல்ல இந்த அம்மாளுக்குத் துணிவில்லையா? நாவலின் மிக நேர்மையான பெண் சொல்லும் சின்னப் பொய் அது. பிறர் செயலைப் பெருந்தன்மையோடு மதிப்பிடுகிற அவளுடைய கடிதத்துக்கே ஓர் உள்நோக்கம் இருக்கிறது. அவன் நல்லவனாக இருந்தாக வேண்டும் என்று அவள் மனம் ஏற்கெனவே ஆசைப்படத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அது இன்னும் தெரியாது.

அவள் ஆதாரங்களை அடுக்குகிற விதத்தைப் பார்த்தால் இது புரியும். முந்தின நாளே வால்மோனின் வேலைக்காரன் போன்ற ஒருவன் வந்து, உதவி தேவைப்படுகிறவர் யார் என்று விசாரித்துப் போனான் என்று கிராமத்தார் பேசிக்கொண்டார்களாம். ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்தால் அங்கேயே நாடகம் வெளிப்பட்டிருக்கும். தூர்வெல் எதிர்த்திசையில் போகிறாள். அப்படியானால் இது போகிற வழியில் தோன்றி மறைந்த இரக்கம்கூட இல்லை, நல்லது செய்ய வேண்டும் என்று திட்டமிட்டே தேடிப் போயிருக்கிறார், உன்னதமான ஆத்மாக்களின் உன்னதமான குணம் அல்லவா இது! சதிக்கான சாட்சியம் புண்ணியத்துக்கான சாட்சியமாகிவிடுகிறது. அவனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது முதலில் மறுத்தானாம், பிறகு ஒன்றுமில்லாத விஷயம்போலப் பேசினானாம். அந்த அடக்கம் செயலின் மதிப்பை இரட்டிப்பாக்கியது என்கிறாள். மறைத்துச் செய்ததும் புண்ணியம், மறுத்துப் பேசியதும் புண்ணியம். நம்ப முடிவுசெய்துவிட்டவருக்கு எல்லாமே சாட்சிதான்.

தூர்வெலை முட்டாள் என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கேட்கும் கேள்வி நியாயமானது: நல்லது செய்வதன் புனிதமான இன்பத்தைத் தீயவர்களும் பகிர்ந்துகொள்ள முடியுமா? முடியாது என்று அவள் நினைக்கிறாள். முடியும் என்பதற்கு 21-ஆவது கடிதம் நம் கையில் இருக்கிறது. வால்மோன் ஆபத்தான உறவுகளால் கெட்டுப்போனதற்கு இன்னோர் உதாரணம், அவ்வளவுதானே என்று பரிந்து பேசுகிறாள். வோலான்ஷ் அம்மையார் சில நாள் கழித்து 32-ஆவது கடிதத்தில் பதில் தருகிறார்: அயோக்கியனுக்கும் சில நற்குணங்கள் உண்டு, யோக்கியனுக்குச் சில பலவீனங்கள் இருப்பதைப்போல. நீ சொல்வதுபோல அவன் ஆபத்தான உறவுக்கு உதாரணமாகவே இருக்கட்டும்; அதனால் அவனே ஓர் ஆபத்தான உறவு இல்லை என்று ஆகிவிடுமா? நாவலின் தலைப்பு இந்த இருவரின் வாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் புத்திமதி வருவதற்குள் தூர்வெலும் ரோஸ்மோந்த் அம்மையாரும் அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் பங்கு உதவியைக் கொடுக்க, வால்மோனையும் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போகத் தீர்மானித்தாகிவிட்டது.

இந்தக் காட்சி அன்றைய வாசகர்களைச் சுட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்ஸில் பரோபகாரம் ஒரு நாகரிகமாகவே ஆகியிருந்தது. திதெரோவின் குடும்ப நாடகங்களில் மனம் நெகிழ்ந்து அழுவது ரசிகருக்கும் அழகு, பாத்திரத்துக்கும் அழகு. க்ரேஸ் வரைந்த ஓவியங்களில் சீமாட்டி தன் மகளை ஏழையின் படுக்கையருகே அழைத்துப்போய்த் தர்மம் செய்யப் பழக்குகிறாள். மோந்தியோன் பிரபு 1780-க்கும் 1787-க்கும் இடையில் பிரெஞ்சு அகாதெமி முதலிய அமைப்புகள் மூலம் பல பரிசுகளை ஏற்படுத்தினார். அவற்றில் ஒன்று ஏழைகளின் நற்செயலுக்கான பரிசு. கொடுத்தவர் தன் பெயரை வெளியிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சூழலில், மண்டியிட்ட குடும்பமும் கண்கலங்கிய பிரபுவும் இருக்கும் பழக்கப்பட்ட படத்தை லாக்லோ அப்படியே எடுத்துக்கொண்டு, பிரபுவின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் சேர்த்துவிட்டார்.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த நேரடி வரியைப் பிரபுக்கள் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை. பாரம் பெரும்பாலும் குடியானவர் மேல்தான். தன் வர்க்கம் கட்டாத வரியைத்தான் வால்மோன் அன்று 'பெருந்தன்மையோடு' கட்டினான். லாக்லோ இதை எங்கேயும் பிரசங்கம் செய்யவில்லை.

வால்மோனின் கொடைக்குப் பார்வையாளர் தேவை. மெர்தேய் சீமாட்டிக்குத் தேவையில்லை. புகழ்பெற்ற 81-ஆவது கடிதத்தில் அவள் தன் பணிப்பெண் விக்த்வாரைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாள். இருவரும் ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். விக்த்வார் ஒரு காதலில் சிக்கிப் பேர் கெட்டுப்போக, மானத்துக்கு அஞ்சிய பெற்றோர் அவளை அடைத்துவைக்க மெர்தேயின் உதவியை நாடுகிறார்கள். அவர்களுடைய கோபம் தனக்கு எவ்வளவு பயன்படும் என்பது மெர்தேய்க்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. முதலில் கூடச் சேர்ந்து அடைப்பு உத்தரவை வாங்குகிறாள். கையில் வந்ததும் திடீரென்று கருணையின் பக்கம் சாய்ந்து, பெற்றோரையும் சமாதானப்படுத்தி, உத்தரவைத் தானே வைத்துக்கொள்ள எல்லோரையும் சம்மதிக்க வைக்கிறாள். பெண் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை அது பெட்டியில் இருக்கும். விக்த்வார் காப்பாற்றப்பட்டது உண்மை. தன் தலையெழுத்து யார் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் வால்மோனின் நாடகத்தைவிட இது பயங்கரமானது. அவனாவது அழுதான்.

நாவலில் உள்நோக்கம் இல்லாத கொடை ஒன்றாவது உண்டா? ஒன்று இருக்கிறது, அது தூர்வெலுடையது. மாதக்கணக்கில் போராடிய பிறகு, அவள் இணங்குவது ஆசையின் வேகத்தில் அல்ல. 125-ஆவது கடிதத்தில் வால்மோனே அதை விவரிக்கிறான். நான் மகிழ்ச்சியாக இருந்தால் நீயும் மகிழ்ச்சியாக இருக்கலாமே என்ற வாதத்தில்தான் அவள் உடைகிறாள். உங்களை மகிழ்விக்கப் பயன்பட்டால்தான் இனி என் உயிரைச் சுமக்க முடியும், அதற்கே என்னை ஒப்படைக்கிறேன் என்கிறாள். முன்கூட்டியே விலை கட்டியாகிவிட்டது என்று ஆகஸ்டில் எழுதியவன், விலையே பேசாமல் தன்னை முழுதாகக் கொடுப்பவள் எதிரில் நிற்கிறான். இன்பம் முடிந்த பிறகும் போதை தீரவில்லை என்று குழம்பிப்போய் எழுதுகிறான். மெர்தேய்க்கு விஷயம் உடனே புரிகிறது: அவன் காதலிக்கிறான். அவள் சீண்டலில் அவன் தூர்வெலை ஒரே கடிதத்தில் உதறுகிறான். தூர்வெல் மடத்துக்குப் போய் அங்கே சாகிறாள்.

வால்மோனின் கடைசிக் கொடை டிசம்பரில் வருகிறது. வால்மோன் வசப்படுத்திய ஒரு பெண்ணின் காதலனான இளைஞன் தான்ஸெனியுடன் வாள்சண்டையில் படுகாயமடைந்து கிடக்கும்போது, கொன்றவனின் கையைப் பற்றி நண்பன் என்று அழைக்கிறான். இவரைக் கண்ணியமாக நடத்துங்கள் என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறான். பிறகு ஒரு பெரிய காகிதக் கட்டை அவனிடம் ஒப்படைக்கிறான். மன்னிப்பாகவே படிக்கலாம். கட்டுக்குள் இருப்பவை மெர்தேயின் கடிதங்கள். தான்ஸெனி மேல் வழக்குத் தொடர நினைத்த ரோஸ்மோந்த் அம்மையார் அவற்றைப் படித்துவிட்டு வாயடைத்துப்போகிறார். ஆக, கொன்றவன் தப்பிக்கிறான், மெர்தேய் மாட்டிக்கொள்கிறாள். சாகப்போகிறவனின் பெருந்தன்மையா, செத்த பிறகும் எட்டும் பழிவாங்கலா? இம்முறை வால்மோன் யாருக்கும் கடிதம் எழுதி விளக்கவில்லை. 21-ஆவது கடிதத்தைப் படித்த நமக்கு அவனை நம்புவதும் கஷ்டம், முழுசாக நம்பாமல் இருப்பதும் கஷ்டம்.

தான்ஸெனி பாரிஸில் சுற்றுக்கு விட்டவை இரண்டு கடிதங்கள். அதில் ஒன்று அந்த 81-ஆவது கடிதம். விக்த்வாரின் ரகசியத்தையும் உத்தரவு இருக்கும் இடத்தையும் மெர்தேய் பெருமையோடு எழுதிவைத்த அதே கடிதம். அரங்கத்தில் எல்லோரும் மெர்தேயை விட்டு விலகிப் போகிறார்கள். அம்மை வந்து ஒரு கண் போகிறது. வழக்கில் சொத்தும் போகிறது. வைரங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஹாலந்து பக்கம் ஓடுகிறாள். தனியாகத்தான் போனாள், கூடப் போக எங்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று அவளுடைய வேலையாட்கள் சொன்னதாகக் கடைசிக் கடிதத்தில் வோலான்ஷ் அம்மையார் எழுதுகிறார்.